வாசலில் நின்று பார்க்க வேண்டிய அறை

பக்கத்து வீட்டுக்குப் போனால் நான் எதிலும் சட்டென்று உட்கார மாட்டேன். முதலில் கையால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பேன். ஒருமுறை அவர்கள் வீட்டு வராந்தாவில் கருங்கல் பெஞ்சு ஒன்று கிடந்தது. கல்தானே என்று நம்பி உட்கார்ந்தேன். கல்லில்லை, தெர்மாகோல். ஏதோ ராஜாவின் தோட்டத்துக்காகச் செய்து, சாம்பல் கலர் அடித்துக் காயவைத்திருக்கிறார்கள். பெஞ்சு இரண்டாகி நான் தரைக்கு வந்துவிட்டேன். "தையலக்கா, சனிக்கிழமை ஷோவாச்சே" என்று ஓடிவந்த வீட்டுக்காரர் பெஞ்சைத்தான் தூக்கிப் பார்த்தார். என் இடுப்பு பதினைந்து நாள் வலித்தது. அந்தப் பதினைந்து நாளும் அவருக்கு நான் ஒரு தையல்கூடப் போட்டுக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாடகங்களுக்கும் பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் மேடையில் செட்டுப் போடுவது அந்த வீட்டுத் தொழில். சட்டம் அடிப்பது, தட்டி கட்டுவது, பிளைவுட் அறுப்பது எல்லாம் வீட்டுக்காரர். அவருக்கு அரை இஞ்சு என்று பெயர். எந்த அளவைச் சொன்னாலும், "அரை இஞ்சு முன்ன பின்ன இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது" என்பார், அதனால் வந்தது. ஆள் ஆறடி, தொப்பை தனி. தட்டிமேல் துணியை இழுத்துக் கட்டி, பசை பூசி, மலையோ மாளிகையோ வரைவது அவர் பெண்டாட்டி. ஊருக்கே அவள் பெயின்டர். அவளுடைய தம்பி மேடைக்கு விளக்குப் போடுகிறவன், அவனை லைட்டு என்போம். நான் பக்கத்து வீட்டுத் தையல்காரி. திரை, படுதா, நடிகர்களின் சட்டை பாவாடை எல்லாம் என் மெஷினில்தான் ஓடும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அவர்கள் சண்டை எனக்குக் கேட்கும், என் மெஷின் அவர்களுக்குக் கேட்கும், இதில் யாருக்கும் வருத்தமில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அரை இஞ்சு கல்யாணம் ஒருமுறைதான் பண்ணினார். வீட்டை மாதத்துக்கு இரண்டு கட்டினார். இருக்கிற வீட்டில்தான் ஒரு சாமான் ஓரிடத்தில் நிற்காது. போன வாரம் நான் டீ குடித்த நாற்காலி இந்த வாரம் மேடையில் நீதிபதியைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை என் இஸ்திரி மேஜையே ஆபரேஷன் மேஜையாகப் போய், சிவப்புக் கலரோடு திரும்பி வந்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தையில்லை. அதைச் சொல்லி அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து அழுததில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரு டாக்டர் மாறுவது நடுச்சுவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு நாள் பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "போதுங்க, எங்கேயோ ஒரு புள்ள நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், அதைப் போய்க் கூட்டிட்டு வரலாம்" என்றாள். அவர் அன்றைக்கே போய்த் தத்தெடுப்பதற்கான மனு வாங்கி வந்தார். ஒன்றரை வருஷம் ஓடியது. ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்றைக் குழந்தைகள் இல்லத்தில் இரண்டு முறை போய்ப் பார்த்தார்கள். முதல் தடவை அது வாயே திறக்கவில்லையாம். இரண்டாம் தடவை பெயின்டரின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகம் நகமாக, "இது என்ன கலர், இது என்ன கலர்" என்று பத்து நகத்துக்கும் கேட்டதாம். அன்று வீடு திரும்பியதிலிருந்து பெயின்டர் நகத்தைச் சுரண்டிக் கழுவுவதை விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெண் அதிகாரி ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார், குழந்தைக்கான இடவசதியையும் பார்ப்பார் என்று இருந்தது. அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் குழந்தை வருவதும் வராததும்.

அரை இஞ்சு அந்தக் கடிதத்தை என் மெஷின்மேல் வைத்தார். வெளியே நாலு நாளாக மழை. "தையலக்கா, நீங்களே படிங்க. இடவசதின்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு. அதுக்கென்ன?"

"அந்தப் பின்னாடி ரூம் ஏழடி அகலம், பதினோரு அடி நீளம். அதை ரூமுன்னு சொன்னா ரூமே சிரிக்கும்."

"நான் அதைவிடச் சின்ன ரூம்ல ரெண்டு புள்ளைங்களை வளர்த்தவ."

"உங்க புள்ளைங்களுக்கு ஆபீசர் கையெழுத்து வேண்டியதில்லையேக்கா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பெயின்டருக்கு அந்தப் பயம் இல்லை. அந்த அறையிலிருந்த பெயின்ட் வாளிகளையெல்லாம் வெளியேற்றி, சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்து, ஜன்னலைத் துடைத்து வைத்தாள். "கட்டிலும் ஒரு அலமாரியும் செஞ்சு போடுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு நாடக ஹாலுக்கு ஓடினாள். அவளுக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. சனிக்கிழமை ஒரு பாட்டு நாடகம் அரங்கேற்றம், அதற்கு ஒரு தெரு வேண்டும்.

அந்தத் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். மேடையின் ஆழம் இருபதடி. டைரக்டர் கேட்டதோ கண்ணுக்கெட்டிய தூரம் போகிற தெரு. இவர்களுக்கு அது பழகின வித்தை. முன்னால் நிற்கிற வீட்டுக்கு ஏழடிக் கதவு, அடுத்த வீட்டுக்கு ஐந்தரை, அதற்கடுத்ததற்கு நாலு, கடைசி வீடு மொத்தமே என் மார்பளவு. தரையில் வரைகிற கற்களும் போகப் போகக் குறுகும். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரு அரை மைல் நீளம். ஒரே ஒரு நிபந்தனை, மூன்றாவது வீட்டைத் தாண்டி எந்த நடிகரும் போகக் கூடாது. ஒத்திகையில் பாட்டுக்காரர் உணர்ச்சி மேலிட்டு அதை மறந்துவிட்டார். கடைசி வீடுவரை போய், அதன் கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பிரிவுத் துயரைப் பாடினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீபோர்டு வாசித்தவர் கையை எடுத்துவிட்டார்.

மழை நாளில் இந்த வேலை பெரும் ரோதனை. பூசின பசை காயாது, காயாத துணியில் கலர் நிற்காது. பெயின்டர் ஹாலின் மேடையிலேயே தட்டிகளை நிறுத்தி, இரண்டு பெரிய விசிறிகளை ஓடவிட்டு, காய்ந்த மூலையாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடைசி வரிசைவரை நடந்துபோய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். திரும்பி வந்து ஒரே ஒரு கோடு போடுவாள். மறுபடி நடை. நான் படுதா கொண்டுபோன அன்று எண்ணிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை. "ஜிம்முக்குப் போறவங்க பணம் கட்டிட்டு இதைத்தான் பண்றாங்க" என்றேன். "நீங்களும் வாங்கக்கா, ஒரு வாளி தர்றேன்" என்றாள். இருட்டினபின் வீட்டுக்கு வந்து, ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, கலர் கையோடு படுத்துவிடுவாள்.

பின்னறை மூன்று நாளாகப் பூட்டியிருந்தது. கேட்டால், "வார்னிஷ் காயலை, கால் வெச்சா ஒட்டிக்கும்" என்பார் அரை இஞ்சு. மழைக் காலத்தில் அதை யார் மறுப்பார்கள். அவளும் நம்பிவிட்டாள். உள்ளே மாமனும் மச்சானும் காலையிலிருந்து ரம்பமும் உளியுமாகத் தட்டிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஒரு அலமாரி செய்ய இவ்வளவு தட்டவேண்டியதில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார்.

"தையலக்கா, ஒரு பெட்ஷீட் வேணும். அளவு இதுல இருக்கு."

பார்த்தேன். நீளம் நாலேகால் அடி. கால்பக்கம் மூன்றடி அகலம், தலைப்பக்கம் இரண்டு.

"இது என்ன கட்டிலா, கத்திரிக்கோல் உறையா?"

"தெச்சுக் குடுங்களேன்க்கா."

"தலைமாட்டுல ஏன் குறுகுது?"

அவர் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாசல்ல நின்னு பார்த்தா தலைமாடுதானே தூரம். தூரத்துல இருக்கறது குறுகித்தானே தெரியணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. தெருவை நீட்டின அதே வித்தையைப் பின்னறைக்குள் செய்துகொண்டிருக்கிறார் மனுஷன். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் போறீங்க. பெயின்டருக்குத் தெரியுமா?"

"அவளுக்கு இருக்கற வேலையில இது வேறயா. பார்த்தா அசந்துடுவா. அஞ்சு நிமிஷம் ஆபீசரம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போனாப் போதும். யாருக்கு என்ன நஷ்டம்?"

தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வெளிறியிருந்தது. பெட்ஷீட்டைத் தைத்தேன். கேட்காமலே ஓரத்துக்குப் பூவேலையும் போட்டேன். இந்தக் கூட்டுக் களவில் எனக்கும் பங்குண்டு, மறைப்பதற்கில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவர் பூட்டைத் திறந்தார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெயின்டர் அன்று வேலைக்குப் போகாமல் குளித்து, நல்ல புடவை கட்டி நின்றாள். வாசலில் தரைமேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. "இதுமேல நில்லு" என்று அவளைத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளினார்.

நானும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பதினோரு அடி அறை போன இடம் தெரியவில்லை. இருபதடி இருபத்திரண்டடிக்குக் கூடம் மாதிரி ஓர் அறை. தூரத்தில் ஒரு கட்டில், அதற்கும் அப்பால் ஒரு மேஜையும் நாற்காலியும், அலமாரியில் புத்தகங்கள். கோடியில் ஒரு ஜன்னல், அது வழியாகப் பொன்னாட்டம் வெயில் விழுந்து தரைப் பலகையெல்லாம் மின்னியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கே அந்த வீட்டில் குடியேறலாமா என்று தோன்றியது.

பெயின்டருக்கும் ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் கண்ணைச் சுருக்கினாள். பக்கச் சுவர்கள் இரண்டும் தட்டிகள், உள்பக்கமாகச் சாய்த்து நிறுத்தியவை. மேலே கட்டின துணி போகப் போகத் தாழ்ந்து வருகிறது. தரைப் பலகை வரைந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "இருந்ததே ஏழடி. கடைசியில எவ்வளவு விட்டிருக்கீங்க?"

"அஞ்சடி. அரை இஞ்சு குறையும்."

"ரூமைப் பெருசாக் காட்ட ரூமைச் சின்னதாக்கியிருக்கீங்க."

"வேற வழி இல்லையேம்மா. கோணம் கெடைக்கணுமே."

"பொய் சொல்லிப் புள்ளையை வாங்கணுமா?"

"செட்டைப் பொய்யின்னு சொன்னா நம்ம சோறே பொய்யி" என்றார் அவர். நன்றாகத்தான் சொன்னார், ஆனால் அவளைப் பார்க்காமல் தரையிலிருந்த டேப்பைப் பார்த்துச் சொன்னார்.

"டிக்கெட் வாங்கிட்டு வர்றவனுக்குத் தெரியும் அது செட்டுன்னு. அந்தம்மாவுக்குத் தெரியுமா? டேய், நீயும் சேர்ந்துதானே பண்ணுனே?" என்று தம்பியைப் பார்த்தாள்.

லைட்டு கூரையைப் பார்த்தான். "நான் வெயில் மட்டும்தான்க்கா போட்டேன்."

பிரிக்க நேரம் இருக்கிறதா என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. அந்த அம்மா இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்.

ஆபீசரம்மா நல்ல உயரம். சொட்டச் சொட்ட நனைந்த குடையை மடக்கி மூலையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னறையில் உட்கார வைத்தோம். பெரிய நாற்காலிகள் எல்லாம் மேடைத் தெருவின் முதல் வீட்டுக்குப் போயிருந்ததால் என் வீட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். டீ குடித்துக்கொண்டே வேலை, வருமானம், யார் சமைப்பது, யார் கோபக்காரர் என்றெல்லாம் கேட்டார். கோபக்காரர் யார் என்றதும் மூன்று பேரும் என்னைக் காட்டினார்கள். நான் வீட்டாளே இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று.

"சரி, குழந்தைக்குன்னு வெச்சிருக்கற ரூமைப் பார்க்கலாமா?"

அரை இஞ்சு முந்திக்கொண்டு எழுந்தார். "வாங்க மேடம். இங்க, இந்த டேப்மேல நில்லுங்க. இங்கேருந்து நல்லாத் தெரியும்."

ஆபீசரம்மா டேப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். அரை இஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பெயின்டர் தரையைப் பார்த்தாள்.

"நல்ல பெரிய ரூம்."

"ஆமாங்க மேடம்."

"நல்ல வெயில்."

"கிழக்குப் பார்த்த ஜன்னல், மேடம்."

ஆபீசரம்மா திரும்பி வாசலைப் பார்த்தார். கூரைத் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய குடையிலிருந்து ஓடின தண்ணீர் முன்னறையைப் பாதி கடந்திருந்தது. மறுபடி அறைக்குள் விழும் வெயிலைப் பார்த்தார். "தெருவுல மழை பெய்யுது. உங்க ஜன்னல்ல மட்டும் வெயிலடிக்குதே, எப்படிங்க?"

லைட்டு மூன்று நாள் உட்கார்ந்து அந்த வெயிலுக்கு மஞ்சள் தாள், ஆரஞ்சுத் தாள் எல்லாம் மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறான். வெளியே மழை பெய்கிறது என்பது மட்டும் அவன் புத்திக்கு எட்டவில்லை. அவர்கள் தொழிலில் இதுதான் வியாதி. மேடையில் காலை என்றால் காலை, வெளியே என்ன என்று எவன் பார்க்கிறான்.

ஆபீசரம்மா டேப்பைத் தாண்டி உள்ளே நடந்தார்.

நாலே எட்டு. முதல் எட்டில் சரியாக இருந்தார். இரண்டாவதில் அறைக்குக் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிந்தார். மூன்றாவதில் கொண்டை மேல்துணியில் இடித்தது. நாலாவதில் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார், மேஜை அவர் முழங்காலுக்கு வந்தது. கைப்பையை அதன்மேல் வைத்தார், மேஜை மறைந்துவிட்டது. எனக்கு அந்தப் பாட்டுக்காரர் ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அரை இஞ்சின் முகத்தில் ஈயாடவில்லை.

பெயின்டர்தான் அசைந்தாள். ஆணியில் மாட்டியிருந்த அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சாய்ந்து நின்ற தட்டிகள் இரண்டையும் பிடித்துத் தள்ளினாள். பின்னாலிருந்த மஞ்சள் சுவர் தெரிந்தது. டேப்பைச் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்தாள்.

"மேடம், ஏழடி. நீளம் பதினொண்ணு. எங்க ரூம் இவ்வளவுதான். இவங்க பண்ணுனது எனக்குக் காலையிலதான் தெரியும், ஆனாலும் நீங்க வந்ததும் நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. மன்னிச்சுடுங்க."

ஆபீசரம்மா அரை இஞ்சைப் பார்த்தார். "வீட்டைப் பெருசாக் காட்டுனவங்களை நான் பார்த்திருக்கேன். பக்கத்து வீட்டு சோபாவைத் தூக்கிட்டு வந்து போட்டவங்க உண்டு. வாடகைக்கு ஃபிரிட்ஜ் எடுத்தவங்க உண்டு. இவ்வளவு உழைச்சவரைப் பார்த்ததில்லை. எதுக்குங்க இது?"

"பயம் மேடம்" என்றார் அரை இஞ்சு. "பதினோரு வருஷமா ஒவ்வொரு இடத்துலயும் ஏதோ ஒண்ணு குறையுதுன்னுதான் சொன்னாங்க. இந்தத் தடவை ரூம் குறையுதுன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு... எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். பண்ணிட்டேன்."

"இதுல ஒரு பொய் சொன்னவர் நாளைக்கு இன்னொண்ணு சொல்ல மாட்டார்னு நான் எப்படி எழுதிக் குடுக்கறது?"

குழந்தை கைநழுவிப் போகிறது என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் நான் தைத்த பெட்ஷீட்டின் பூவேலையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆபீசரம்மா எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றும்போது அது கை தவறி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. லைட்டு எடுக்கப் பாய்ந்தான். "இருப்பா" என்று அவரே மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். மூடி கிடைத்துவிட்டது. ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை. உள்ளேயே ஏதோ தடவிக்கொண்டிருந்தார்.

"இது ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு?"

"எது மேடம்?" என்றாள் பெயின்டர்.

"கட்டிலோட அடிப்பக்கம்."

பெயின்டர் குனிந்து கையை விட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நாற்காலியைக் கவிழ்த்து அதன் அடியைத் தடவினாள். அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து அதன் முதுகைத் தடவினாள். மேஜைக் கால்களின் உள்பக்கம், மூலைகள், ஆணி அடித்த இடங்கள். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள்.

"மேடம்," என்றாள். "நான் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே, பதினாலு வருஷமா இவர்கூட செட்டுப் போடறேன். பார்க்கற பக்கத்தைத் தவிர இவர் வேற பக்கம் இழைச்சு நான் பார்த்ததில்லை. செட்டோட முதுகைத் தொட்டா ரத்தம் வரும். என் கையில எத்தனை சிராய் ஏறியிருக்கு, கேளுங்க. ஜனங்க பார்க்காத இடத்துக்கு உப்புத்தாள் எதுக்குடின்னு கேப்பாரு."

எல்லோரும் அரை இஞ்சைப் பார்த்தோம். அவர் திருதிருவென்று விழித்தார், இதுவும் ஒரு குற்றமோ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"புள்ளைங்க அடியிலதானே பூந்துக்கும்" என்றார்.

பெயின்டர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கென்ன. லைட்டு போய் அந்த வெயிலை அணைத்தான். அணைத்ததும் அறை சின்னதாக, மங்கலாக, அதன் சொந்த நிறத்தில் இருந்தது. ஆபீசரம்மா அந்தக் குட்டி நாற்காலியை நிமிர்த்தி, அழுத்திப் பார்த்துவிட்டு, அதில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் தோளுக்கு வந்தது. நாற்காலி ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் தாங்கியது. அப்படியே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார்.

எழுந்திருக்கும்போது சொன்னார். "ரூம் ஏழுக்குப் பதினொண்ணுன்னு எழுதியிருக்கேன். நீங்க என்ன பண்ணி வெச்சிருந்தீங்கன்னும் எழுதியிருக்கேன். எதையும் மறைக்கலை. நாலு அடிக்குக் கட்டிலைச் செஞ்சிருக்கீங்க, ஒரு வருஷத்துல புள்ளைக்குக் கால் வெளியே நீட்டிக்கும்."

"இழுத்தா நீளற மாதிரி பண்ணிடறேன் மேடம்."

"இந்தத் தட்டி, துணி எல்லாத்தையும் எடுத்துடுங்க. பத்து நாள் கழிச்சு வருவேன். சொல்லிட்டு வர மாட்டேன்." குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினவர் திரும்பினார். "கட்டிலை எடுத்துடாதீங்க."

அவர் தலை மறைந்ததும் பெயின்டர் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அன்று நடுச்சுவருக்குச் செவி கூசியிருக்கும். மச்சானுக்கும் பங்கு கிடைத்தது. பெட்ஷீட் தைத்ததற்காக எனக்கும் கொஞ்சம். திட்டி முடித்துவிட்டு, "சாப்பிட்டீங்களா இல்லையா" என்று கேட்டு, நாலு பேருக்கும் முட்டை பொரித்தாள். சனிக்கிழமை நாடகத்தில் அந்தப் பாட்டுக்காரர் மூன்றாவது வீட்டோடு நின்றுகொண்டார், தெரு அரை மைல் நீளத்துக்குக் கடைசிவரை அப்படியே இருந்தது.

ஆபீசரம்மா பத்தாம் நாள் வரவில்லை, பதினாலாம் நாள் வந்தார். அந்த நாலு நாளில் அரை இஞ்சுக்குச் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. வந்தவர் மஞ்சள் சுவரைப் பார்த்தார், நிஜ ஜன்னலைத் திறந்து மூடினார், ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஏழு வாரம் கழித்து ஒரு முற்பகலில் அவரே குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

வெளிச்சமான நாள். குழந்தை முதுகில் ஒரு சின்னப் பை. பேசவில்லை. எங்கள் நாலு பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தது. என் முகத்தில் என்ன கண்டதோ, நேராக உள்ளே ஓடிற்று. பின்னறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் பூந்துகொண்டது, பையும் அதுவுமாக.

"வாடா கண்ணு" என்றாள் பெயின்டர். வரவில்லை. பிஸ்கட்டை நீட்டினோம். ஒரு கை வந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. லைட்டு பூனை மாதிரி கத்திப் பார்த்தான். நான் பாடிப் பார்த்தேன், அதற்கு அது இன்னும் உள்ளே தள்ளிப் போய்விட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆபீசரம்மா வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்டர் கட்டில் ஓரமாகத் தரையில் படுத்து, ஒரு கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். அரை இஞ்சு அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"புடிக்கலை போலிருக்கு" என்றார் மெதுவாக. "ரூம் சின்னதா இருக்குல்ல."

கட்டிலுக்கு அடியிலிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது. "இங்க இன்னும் ஒருத்தர் வரலாம். இடமிருக்கு."

பெயின்டர் நகர்ந்து வழிவிட்டாள். அரை இஞ்சு தலையை விட்டார், ஒரு தோளை விட்டார், மூச்சைப் பிடித்து மற்றத் தோளையும் விட்டார். தொப்பை வந்து சட்டத்தில் முட்டிக்கொண்டது. அதற்குமேல் போகவில்லை. "இவ்வளவுதான் முடியும்" என்று உள்ளேயிருந்து சொன்னார். "பரவாயில்ல" என்றது குழந்தை. பாதி ஆள் உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவர் அப்படியே கிடந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரண்டு பேரும் பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது.